கொல்லிமலைக் கை வைத்தியர்



கொல்லிமலைக்குப் போய்வராதவர்கள் இந்த அரங்கில் குறைவாகத்தான் இருப்பீர்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர் கோயில், வல்வில் ஓரி சிலை, இறங்கும்போது மிளகும் அன்னாசியும். அதே மலையில், வாழவந்தி நாட்டில், ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற ஆங்கிலேயத் தம்பதியின் கல்லறைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அங்கே வண்டியை நிறுத்துகிறவர்கள் அபூர்வம். அவர்களுடைய மகன் டாக்டர் பால் பிராண்டைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். குடும்பத்தையும் கும்பிட்ட கடவுளையும் விடாமல் பிடித்துக்கொண்டு தொழில் செய்த ஒரு மருத்துவரைப் பற்றிப் பேசுங்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். எனக்கு வேறு பெயர் தோன்றவில்லை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இவரைப் பற்றி எழுதியவர்களில் பலர் இவரைப் புனிதர் ஆக்கிவிட்டார்கள். புனிதர்களை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? படத்துக்கு மாலை போடலாம், அவ்வளவுதான். நான் படித்துத் தெரிந்துகொண்ட பிராண்ட் ஒரு கட்டடத் தொழிலாளி. மரவேலையும் கொத்துவேலையும் முறையாகக் கற்றவர். மருத்துவம் அதற்குப் பிறகு வந்தது. அவருடைய பக்தியும் கைவேலையாகவே வெளிப்பட்ட பக்தி. அது பெற்றோர் வழிச் சொத்து. அதனால் அவர்களிடமிருந்தே தொடங்குகிறேன்.

அப்பா ஜெஸ்ஸி கட்டட வேலை தெரிந்தவர். மிஷனரிகளுக்கென்று லண்டனில் நடந்த ஓராண்டு வைத்தியப் படிப்பையும் முடித்திருந்தார். அம்மா ஈவ்லின் லண்டனில் வசதியான வீட்டுப் பெண். ஓவியம் வரையத் தெரிந்தவர். 1913-இல் சேந்தமங்கலத்தில் மணமுடித்த கையோடு இருவரும் மலையேறினார்கள். அப்போது சாலை ஏது? நடை, இல்லாவிட்டால் டோலி. சமவெளியில் மரத்தை இழைத்துத் தயார்செய்து, ஆட்கள் தலையில் சுமந்து ஏற்றி, தூண்கள் மேல் நிறுத்திய வீடு அவர்களுடையது. பால் 1914 ஜூலை 17 அன்று பிறந்தார். பின்னால் கான்னி என்று ஒரு தங்கை.

அந்தக் காலத்தில் மலையை ஆட்டிவைத்த நோய்களில் ஒன்று நரம்புச் சிலந்தி. இளைய தலைமுறைக்குத் தெரிந்திருக்காது. கிணற்றுத் தண்ணீரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சியோடு புழுவின் முட்டைக்குஞ்சும் வயிற்றுக்குள் போகும். ஓராண்டு கழித்து முழக்கணக்கில் நீண்ட வெள்ளைப் புழு காலில் கொப்புளம் உடைத்துக்கொண்டு தலைநீட்டும். இழுத்தால் அறுந்துபோகும், அறுந்தால் சீழ் வைக்கும். குச்சியில் சுற்றிச் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுக்க வேண்டும். ஜெஸ்ஸி சீழை வடித்துக் கட்டுப் போட்டார். ஆனால் அதோடு நிற்கவில்லை. புண்ணுள்ள கால் படியிறங்கித் தண்ணீரில் நனைவதால்தானே புழுக்குஞ்சு மறுபடி கிணற்றுக்குள் போகிறது? கல்லால் சுவர் எழுப்பி, வாளி விட்டு மேலேயிருந்து இறைக்கிற மாதிரிக் கிணறுகளை வெட்டவைத்தார். நோய் மலையை விட்டுப் போனது. பிரசங்கத்தைவிட அந்தக் கிணறுகளைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஆனால் மகனுக்கு இதில் நேர்எதிரான பாடம் கிடைத்தது. சீழையும் ரத்தத்தையும் பார்த்துப் பார்த்து, ‘டாக்டர் வேலை மட்டும் நமக்கு வேண்டாம்’ என்று சின்ன வயதிலேயே முடிவுகட்டிவிட்டார். அவருக்குப் பிடித்ததெல்லாம் மரமேறுவது, தூக்கணாங்குருவிக் கூடு பார்ப்பது, நடவு வயலில் தவளை பிடிப்பது. தவளை பிடிக்கப்போய் வாங்கிக்கட்டிக்கொண்டதை முதுமையில் ஒரு கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். பையன்கள் அடுக்கு வயலில் துள்ளிக் குதித்து வரப்பை உடைத்துவிட்டார்கள். மேல் வயல் சேறு கீழ் வயலுக்குக் கலங்கி ஓடுகிறது. மடை பார்க்கும் தாத்தா வந்தார். அடிக்கவில்லை. ஓடுகிற தண்ணீரில் ஒரு கை அள்ளி, விரலிடுக்கில் நீரை வடியவிட்டு, உள்ளங்கையில் தங்கிய சேற்றைக் காட்டினார். இந்த ஒரு பிடியில் எத்தனை வருஷத்துக்குச் சோறு இருக்கிறது தெரியுமா, கீழே போன மண் மலைக்குத் திரும்பி ஏறுமா என்று கேட்டாராம். அந்தப் பெரியவரைத் தன் ஆசான்களில் ஒருவராகக் கடைசிவரை நினைத்தவர் பிராண்ட்.

இன்னொரு காட்சி. அப்போது பாலுக்கு ஏழு வயதிருக்கும். காட்டுப் பக்கமிருந்து மூன்று பேர் வீட்டை நோக்கி வந்தார்கள். கைகால்களில் கந்தல் சுற்றியிருந்தது. அம்மா குழந்தைகளை உள்ளே போகச் சொல்லிவிட்டார். எவரைக் கண்டாலும் தொட்டுப் பேசும் அப்பா, அன்று கையுறை மாட்டிக்கொண்டார். புண்களைக் கழுவிக் கட்டுப் போட்டார். அம்மா ஒரு கூடையில் பழம் வைத்தார். அவர்கள் பழத்தை எடுத்துக்கொண்டு கூடையை விட்டுவிட்டுப் போனார்கள். கூடையைத் தொடாதே, அவர்கள் உட்கார்ந்த இடத்தில் விளையாடாதே என்று குழந்தைகளுக்குக் கண்டிப்பான உத்தரவு. அப்பா வெந்நீரில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, உடை மாற்றிக்கொண்டார். தொழுநோயைப் பால் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான். ஜெஸ்ஸியைக் குறை சொல்லிப் பயனில்லை. அன்று உலகம் முழுவதுமே அப்படித்தான் பயந்தது.

1923. ஒன்பது வயதில் பாலையும், அவனைவிட இளையவளான கான்னியையும் படிப்புக்காக இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். ‘குடும்பப் பற்று’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோமே, இந்த இடத்தில் அது கொஞ்சம் இடறுகிறது. கடவுள் பணிக்காகப் பெற்ற பிள்ளைகளைக் கடல் கடந்து விட்டுவைப்பது சரியா? அந்தத் தலைமுறை மிஷனரிகள் இதைத் தியாகம் என்றார்கள். தியாகம் செய்தது யார், பெற்றவர்களா பிள்ளைகளா என்று நான் கேட்பேன். வாரம் தவறாமல் கடிதம் வந்தது, அது உண்மை. மரம், பறவை, கரையான் புற்று என்று மலையையே காகிதத்தில் மடித்து அனுப்பினார் அப்பா. 1929-இல் ஒரு தந்தி வந்தது. மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப் போகும் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்துபோனார். அவருக்கு வயது 44. கொடுமை என்னவென்றால், தந்தி வந்த பிறகும் கப்பல் தபாலில் அப்பாவின் கடிதங்கள் வாரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தன. பதினான்கு வயதுப் பையன் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தான்.

பள்ளி முடிந்ததும் மருத்துவம் படிக்கச் செலவுக்கு உறவினர் முன்வந்தார். பால் மறுத்துவிட்டு, அப்பாவின் தொழிலான கட்டட வேலைக்குப் போனார். கல் அடுக்க, மரம் இழைக்க, கூரை வேய நான்கைந்து ஆண்டுகள் கற்றார். மலைக்குத் திரும்பி வீடு கட்டிக் கொடுப்பதுதான் திட்டம். அதற்கு முன், அப்பா படித்த அதே ஓராண்டு வைத்தியப் படிப்பில் சேர்ந்தார். அங்கேதான் மனம் மாறியது. 1937-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் மாணவரானார். உடன் படித்த மார்கரெட் பெர்ரியை 1943-இல், குண்டுவீச்சுக் காலத்து லண்டனில், மணந்தார். குண்டடி பட்டு வந்தவர்களின் கைகளும் நரம்புகளும்தான் அவருக்கு அறுவைசிகிச்சைப் பாடமாயின.

1946 இறுதியில், டாக்டர் ராபர்ட் காக்ரேனின் அழைப்பில் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். டாக்டர் ஐடா ஸ்கடர் உருவாக்கிய அந்த நிறுவனம் அப்போதுதான் ஆண்களையும் சேர்த்துக்கொண்டு முழு மருத்துவக் கல்லூரியாக வளர்ந்துகொண்டிருந்தது. மார்கரெட் கைக்குழந்தைகளோடு அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தார்.

காக்ரேன் தொழுநோய் நிபுணர். செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்துக்கு 1947-இல் பிராண்டை ஒருமுறை அழைத்துப் போனார். வளைந்து மடங்கிய விரல்கள், குறைந்துபோன விரல்கள். எலும்பு சிகிச்சை நிபுணர் ஒருவர் கூட இவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று காக்ரேன் குறைபட்டுக்கொண்டார். ஓர் இளைஞர் செருப்பைக் கழற்ற முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார். பிராண்ட் அவர் பக்கத்தில் போய், கையுறை இல்லாமல், தன் கையை அந்த மடங்கிய கைக்குள் கொடுத்து, பலமாகப் பிடியுங்கள் என்றார். அந்த இளைஞர் பிடித்தார். பிராண்டுக்கு உயிர் போகிற வலி! நகம் சதையில் பதிந்தது. விடுங்கள் விடுங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

வேறு யாராவது என்றால் கையை உதறிவிட்டுப் போயிருப்பார்கள். இவரோ தொழிலாளியாக யோசித்தார். செயலிழந்த கைக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? அப்படியென்றால் சில தசைகள்தான் போயிருக்கின்றன, மற்றவை முழுபலத்தோடு இருக்கின்றன. மிச்சமிருக்கும் நல்ல சாமானை வைத்துப் பழுது பார்க்கலாமே!

இதை நீங்களே உங்கள் உடம்பில் தெரிந்துகொள்ளலாம். முழங்கையின் உள்பக்கம் கதவில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரைக்கும் ஷாக் அடித்த மாதிரி இருக்குமே, அந்த நரம்புதான் முதலில் கெடுகிறது. தொழுநோய்க் கிருமி உடம்பில் குளிர்ச்சியான இடத்தைத் தேடும். தோலுக்கு ஒட்டினாற்போல் நரம்பு போகும் இடங்களான முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்காலில்தான் நரம்பு வீங்கிச் செத்துப்போகும். இறந்துபோன ஒரு நோயாளியின் உடலில் நரம்புகளை ஓர் இரவு முழுக்க, விடிவதற்குள், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து இந்தக் கணக்கைப் பிராண்ட் உறுதிசெய்தார். சதை ஆழத்தில் ஓடும் நரம்புகள் தப்பிவிடுவதால், முன்கையின் பெரிய தசைகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கட்டைவிரல் தவிர நம் விரல் ஒவ்வொன்றையும் மடக்க இரண்டு தசைநாண்கள் உண்டு; ஒன்றை எடுத்தாலும் மற்றது சமாளித்துக்கொள்ளும். அந்த ஒன்றை எடுத்து, நான்காகக் கிழித்து, தோலுக்கடியில் வழிவிட்டு நான்கு விரல்களிலும் பொருத்தினால், மடங்கிய விரல் நிமிரும். 1948-இல் முதல் அறுவை நடந்தது. பின்னால் முறையை மாற்றி மாற்றிச் செம்மைப்படுத்தினார்கள்.

செய்வதற்கு இடம் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. தொழுநோயாளியைச் சேர்த்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்ற பயம். மதிலோரமிருந்த மண்சுவர் அறைக்கு ‘கை ஆராய்ச்சிப் பிரிவு’ என்று பொத்தாம்பொதுவாகப் பெயர் வைத்து அங்கே தொடங்கினார்கள்.

கை சரியாகி வெளியே போனவர்கள் சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தார்கள். காரணம் கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியாது. டாக்டர், கையை நல்லபடியாக்கிவிட்டீர்கள், இப்போது யாரும் பிச்சை போடுவதில்லை! வேலையும் தருவதில்லை, முகத்தில் நோயின் தழும்பு இருக்கிறது. அங்கேதான் பிராண்டின் பழைய தொழில் கைகொடுத்தது. 1950-களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்தில் மண்குடிசைகளோடு நவஜீவ நிலையம் என்ற மறுவாழ்வு இல்லம் எழுந்தது. அறுவைசிகிச்சை நிபுணர் தானே உளி பிடித்து, ரம்பம் தீட்டி, மர பொம்மை செய்யச் சொல்லிக்கொடுத்தார்.

பட்டறையில் ஒரு மர்மம் காத்திருந்தது. நன்றாக இருந்த விரல்கள் மறுபடி புண்ணாயின. நோயே விரலைத் தின்கிறது என்றுதான் மருத்துவ உலகம் நம்பியிருந்தது. பிராண்ட் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார். சுத்தியலின் பிடியில் சிம்பு இருந்திருக்கும், பிடித்தவருக்குத் தெரியவில்லை. சமைக்கும்போது சூடான பாத்திரத்தைத் தொட்டிருப்பார்; சுடவில்லை. ஒருமுறை துருப்பிடித்த பூட்டு திறக்கவில்லை. பிராண்ட் திருகிப் பார்த்தார், முடியவில்லை. ஒரு சிறுவன் வாங்கி ஒரே திருகில் திறந்தான். தரையில் ரத்தம் சொட்டியது. சாவி விரலை எலும்புவரை அறுத்திருந்தது. பையன் சிரித்துக்கொண்டு நின்றான். இரவில் மட்டும் சிலருக்கு விரல் துண்டு காணாமல் போனது. கண்விழித்துக் காவலிருந்து பார்த்தார்கள். எலி! வலி தெரியாததால் தூங்கியவர் விழிக்கவே இல்லை. அன்றிலிருந்து நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள்.

ஆகக் கண்டுபிடித்தது இதுதான். தொழுநோயாளியின் சதை மற்றவர்கள் சதையைப் போலவே ஆறும். கெடுப்பது வலி இல்லாமை. வலிதான் உடம்பின் காவல்காரன். அவன் போய்விட்டால் வீடு திறந்து கிடக்கும். இதைப் பிற்காலத்தில் எழுத்தாளர் பிலிப் யான்சியுடன் சேர்ந்து ஒரு புத்தகமாகவே எழுதினார். வலியைக் கடவுளின் கொடை என்று சொல்லும் அளவுக்குப் போனார். அந்த முடிவுக்கு நான் முழுதாக வரமாட்டேன். புற்றுநோய் வலியில் துடிப்பவரிடம் போய் இதைச் சொல்ல முடியாது. ஆனால் அவர் அதைச் சாய்வுநாற்காலியிலிருந்து சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பக்தி என்று எடுத்துக்கொண்டால், நவஜீவ நிலையத்தில் நடந்த ஒரு ஜெபக்கூட்டம் போதும். கடைசியில் பாயில் உட்கார்ந்திருந்த பிராண்டைப் பேசச் சொன்னார்கள். எதிரே நோயாளிகள், எல்லோரும் கையை மடிக்குள் மறைத்துக்கொண்டு. அவர் இயேசுவின் கைகளைப் பற்றிப் பேசினார். பச்சைக் குழந்தையின் கை, உளி பட்டுக் காய்த்த தச்சன் கை, நோயாளியைத் தொட்ட கை. பிறகு ஆணி அடிக்கப்பட்ட கை. ஆணி எந்த நரம்பை அறுத்திருக்கும், விரல்கள் எப்படி மடங்கியிருக்கும் என்று ஒரு கை மருத்துவராகச் சொன்னார். உங்கள் கையைப் போலத்தான் இருந்திருக்கும். கூட்டம் முடியும்போது எல்லோரும் கையைத் தூக்கி வணக்கம் சொன்னார்கள், மறைக்காமல். மதம் மாற்ற வந்தவர்தானே என்று கேட்பீர்கள். அந்த நோக்கத்தோடுதான் அவர் குடும்பம் வந்தது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் மதம் பார்த்து அவர் கத்தியை எடுத்ததாக யாரும் சொன்னதில்லை.

குடும்பம் பக்கம் வருகிறேன். ஆறு பிள்ளைகள். மார்கரெட்டைக் கண் பிரிவில் வேலை பார்க்கச் சொன்னபோது, எனக்குக் கண் மருத்துவம் தெரியாதே என்றாராம். கற்றுக்கொள்வீர்கள், திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்று பதில் வந்தது. தொழுநோயில் இமை மூடாமல் கண் காய்ந்து பார்வை போகும். பொட்டுத் தசையை எடுத்து இமையில் கட்டும் அறுவை உண்டு. அதன் பிறகு பல்லைக் கடித்தால்தான் கண் மூடும். அதனால் நோயாளிகளை ஏதாவது மென்றுகொண்டே இருக்கச் சொல்வார்கள்! கணவர் கைகளைப் பார்த்துக்கொள்ள, மனைவி கண்களைப் பார்த்துக்கொண்டார். தொழுநோய்க் கண் மருத்துவத்தில் உலகம் மதிக்கும் பெயர் அவருடையது.

இந்தத் தொழிலின் பயம் என்ன என்பது பிராண்டுக்கு ஒரே இரவில் தெரிந்தது. வெளிநாட்டுப் பயணம் முடித்து, காய்ச்சலும் களைப்புமாக லண்டனில் ரயில் இறங்கிய நாள். காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. நமக்கும் வந்துவிட்டது என்றே முடிவுசெய்தார். மனைவி மக்களை விட்டு ஒதுங்கி வாழ வேண்டியதுதான் என்று இரவெல்லாம் கணக்குப் போட்டார். விடிந்ததும் மறுபடி ஊசி. ‘ஆ’ என்று அலறிவிட்டார். ரயிலில் ஒரே பக்கமாக உட்கார்ந்து மரத்துப்போன கால்! அந்த வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னதாக எழுதியிருக்கிறார். மூன்று பேரைக் கண்டு கையுறை மாட்டிய அப்பாவின் பயம் எவ்வளவு உண்மையானது என்பது அந்த இரவில் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அம்மாவைச் சொல்லாமல் விட முடியாது. விதவையான ஈவ்லினை மிஷன் சமவெளியில் வேலைபார்க்க வைத்தது. எழுபதை நெருங்கும்போது ஓய்வு கொடுத்து வழியனுப்பு விழா நடத்தியது. விழா முடிந்ததும், நான் இப்போது உங்கள் ஆள் இல்லை, மலைக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். மட்டக்குதிரை மேல் ஊர் ஊராகப் போய், கணவர் கனவு கண்டு முடிக்காத மற்ற மலைகளிலும் வேலை செய்தார். இடுப்பெலும்பு முறிந்தது, மகன் கெஞ்சியும் இறங்கவில்லை. இரண்டு மூங்கில் கழி ஊன்றி நடந்தார். 1974-இல், 95 வயதில்தான் இறந்தார். அறுவைசிகிச்சை நிபுணரான மகனுக்கு அம்மாவிடம் ஒரு வாதத்தில்கூட ஜெயிக்க முடிந்ததில்லை.

வேலூரில் அவர் உருவாக்கிய ஆட்களில் ஒருவரை மட்டும் சொல்கிறேன். டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். உட்கார்ந்தபடியே கை அறுவை செய்யலாமே என்று பிராண்ட் சொன்னார். சக்கர நாற்காலியிலிருந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார் மேரி. பிற்பாடு மறுவாழ்வு மருத்துவத் துறையையே வேலூரில் நிறுவினார். 1972-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

1955-இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம், 1960-இல் லாஸ்கர் விருது, 1961-இல் சி.பி.இ. பட்டம் என்று வரிசையாக வந்தன, வேகமாகத் தாண்டுகிறேன். 1966-இல் குடும்பத்தோடு அமெரிக்காவின் லூசியானாவில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். இருபது ஆண்டுகள் அங்கே. அங்குதான் இன்னொன்று பிடிபட்டது. சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணும் இதே கதைதான். நரம்பு மரத்துப்போகிறது, வலி தெரியவில்லை, அழுத்தம் விழுந்த இடத்திலேயே தினமும் மிதிக்கிறார்கள், கடைசியில் காலை எடுக்கிறார்கள். அழுத்தத்தைப் பரப்பினால் புண் ஆறும் என்று மாவுக்கட்டும் செருப்பும் போட்டுக் காட்டினார். 2003 ஜூலை 8 அன்று சியாட்டிலில் இறந்தார். 89-ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

நம் ஊரில் சர்க்கரைக்காரர்கள் கேட்டு வாங்குகிறார்களே, எம்.சி.ஆர். செருப்பு, அந்த மெத்தென்ற ரப்பர் தொழுநோயாளிகளின் பாதத்துக்காக வேலூரிலும் கரிகிரியிலும் சோதித்துப் பார்த்தது. இந்த அரங்கிலும் பலர் போட்டிருப்பீர்கள். போட்டிருந்தாலும் ராத்திரி படுக்கும்முன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிடுங்கள். செருப்புக்குள் சின்னக் கல் கிடந்தாலும் உங்களுக்குத் தெரியாது. முன்வரிசையில் மருத்துவர்கள் இருக்கிறார்கள். பாதத்தைப் பற்றிய கேள்விகளை அவர்களிடம் கேளுங்கள், பிராண்டைப் பற்றியவற்றை என்னிடம் கேளுங்கள். மைக் உங்கள் பக்கம் வருகிறது.